செல்போனில் புத்தர்... வீட்டில் குலதெய்வம்! பௌத்தத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சந்திக்கும் கேள்விகள்

திருவள்ளூர் மாவட்டத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் இளைஞர்கள் பலருக்கு பௌத்தம் இப்போதெல்லாம் முதலில் செல்போனில்தான் அறிமுகமாகிறது. ஏப்ரல் 14 அன்று யாரோ ஃபார்வர்டு செய்த அம்பேத்கர் பற்றிய பேச்சு, அதன் பின்னாலேயே யூடியூப் கொண்டுவந்து நிறுத்தும் இன்னொரு பேச்சு, அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குழு, ஞாயிற்றுக்கிழமை இரவு ஸூமில் தியான வகுப்பு என்று வரிசையாக வந்துவிடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்துவிட்டு, நான்கு பேர் தங்கும் அறையில் இயர்போன் மாட்டிக்கொண்டு படுக்கிறவருக்கு இது வசதியான வழி. யாரும் சாதி கேட்பதில்லை. கேமராவை அணைத்துவிட்டுக்கூட உட்கார்ந்திருக்கலாம்.

கொஞ்ச நாள் கழித்துதான் சிக்கல். கேட்டதெல்லாம் பிடித்துப்போய், "சரி, நானும் சேர்ந்துவிடலாம்" என்று தோன்றும்போது கேள்விகள் வரிசைகட்டி வருகின்றன. சேருவது என்றால் என்ன செய்ய வேண்டும்? கையெழுத்துப் போட வேண்டுமா? சாதிச் சான்றிதழ் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை அம்மா விளக்கேற்றி திருநீறு நீட்டினால் என்ன செய்வது? நாளைக்குக் கல்யாணம் என்றால் யார் வந்து நடத்திவைப்பார்கள்? கறி சாப்பிடலாமா, கூடாதா?

இவற்றில் பல இன்றைக்குப் புதிதாக முளைத்த கேள்விகள் கிடையாது. 100 ஆண்டுகளுக்கு முன்பே சென்னை ராயப்பேட்டையிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகை, முகம் தெரியாத வாசகர்களுக்கு இப்படிப்பட்ட சந்தேகங்களைத் தீர்த்துவைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால், முதல் கேள்வியை முடித்துவிடலாம்.

சேருவது எப்படி?

பௌத்தத்தில் சேருகிற சடங்கு ஆச்சர்யப்படும் அளவுக்குச் சின்னது. புத்தர், அவர் போதித்த தம்மம், அதைப் பின்பற்றுவோரின் சங்கம் ஆகிய மூன்றிலும் அடைக்கலம் புகுவதாக மூன்று முறை சொல்ல வேண்டும். இதற்குத் திரிசரணம் என்று பெயர். பிறகு பஞ்சசீலம். உயிரைக் கொல்வதில்லை, கொடுக்காததை எடுப்பதில்லை, தகாத பாலுறவு இல்லை, பொய் இல்லை, போதை இல்லை என ஐந்து உறுதிமொழிகள். பெரும்பாலும் பாலி மொழியில் பிக்கு சொல்லச் சொல்ல, திருப்பிச் சொல்வார்கள். அவ்வளவுதான். ஆண் என்றால் உபாசகர், பெண் என்றால் உபாசிகை. மொட்டையடிப்பது, காவி கட்டுவதெல்லாம் துறவிகளுக்கு.

கறி விஷயத்திலும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. முதல் சீலம் கொல்லாமையைச் சொல்கிறது. இல்லறத்தார் சைவமாகத்தான் இருக்க வேண்டும் என்று தேரவாத பௌத்தத்தில் கட்டாய விதி இல்லை. பிக்குகளுக்கே கூட, தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்க்காமல், கேட்காமல், அப்படிச் சந்தேகப்படவும் காரணம் இல்லாமல் இருந்தால், பிச்சைப் பாத்திரத்தில் விழுந்த இறைச்சியை ஏற்கலாம் என்பதுதான் பழைய விதி. சைவம் மட்டுமே சாப்பிடும் பௌத்த மரபுகளும் உண்டு. நடைமுறையில் புதியவர்களை அதிகம் சோதிப்பது ஐந்தாவது சீலம். சம்பள நாள் சாயங்காலம் அறை நண்பர்கள் எல்லோரும் டாஸ்மாக் பக்கம் கிளம்பும்போது ஒருவர் மட்டும் அறையில் தங்குவது, பாலி மந்திரத்தை மனப்பாடம் செய்வதைவிடக் கஷ்டம்.

அவசரமும் இல்லை. வந்து பார், சோதித்துப் பார், சரியென்று பட்டால் எடுத்துக்கொள் என்பது புத்தர் காலத்திலிருந்தே உள்ள அணுகுமுறை. தமிழுக்கும் இது அந்நியமில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் நாயகி பௌத்த நெறியில் முழுதாக நுழைவதற்கு முன், வஞ்சி நகரத்தில் பல சமயவாதிகளிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கேட்டு, திருப்தியில்லாமல்தான் காஞ்சிக்குப் போய் அறவண அடிகளிடம் தருமம் கேட்கிறாள்.

ராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாவுக்கு...

1898. சித்த மருத்துவரும் தமிழறிஞருமான அயோத்திதாசப் பண்டிதர், தியசாஃபிகல் சொசைட்டியின் கர்னல் ஆல்காட்டைச் சந்திக்கிறார். அமெரிக்கரான ஆல்காட்டும் பௌத்தத்துக்குப் புதிதாக வந்தவர்தான்; 1880-ல் இலங்கையின் காலி நகரத்தில் பஞ்சசீலம் ஏற்றவர். தங்கள் மக்கள் ஒரு காலத்தில் பௌத்தர்களாக இருந்தவர்கள், சாதி பின்னால் வந்து ஒட்டியது, அந்தப் பழைய மார்க்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது பண்டிதரின் வாதம். அதே ஆண்டு ஆல்காட்டோடு இலங்கை சென்ற பண்டிதர், சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுக்கொண்டார். சென்னை திரும்பியதும் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 53.

சங்கம் வைத்தாயிற்று. ஆனால், யாரை வைத்து நடத்துவது? பிக்குகள் கிடையாது. நூற்றாண்டுகளாக விகாரைகளே இல்லாத ஊர்கள். சேர விரும்புகிறவர்களோ திசைக்கொருவராகச் சிதறிக் கிடந்தார்கள். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள், ரங்கூனில் கூலிக்குப் போனவர்கள், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர்கள். அவர்களை ஒருவருக்கொருவர் பார்க்கவைக்கவே முடியாது.

பண்டிதர் கண்டுபிடித்த வழி, பத்திரிகை. 1907 ஜூன் 19, புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. விலையே பெயராக இருந்த பத்திரிகை. மறு ஆண்டு வாசகர்கள் விருப்பப்படி 'தமிழன்' ஆனது. 1914 மே மாதம் பண்டிதர் காலமாகும்வரை வாராவாரம் வந்தது.

இன்றைய வாட்ஸ்அப் குழுவில் என்னவெல்லாம் நடக்கிறதோ, அநேகமாக அத்தனையும் இந்த ஒரு பைசா சமாசாரத்துக்குள் நடந்தது. புத்தரின் வரலாறு தொடராக வந்தது. அதுதான் பின்னர் 'ஆதிவேதம்' என்ற நூலானது. வாசகர் சந்தேகம் கேட்டு எழுதினார்கள், பண்டிதர் பதில் எழுதினார். கிளைச் சங்கங்களில் நடந்த கூட்டம், பௌத்த முறைப்படி நடந்த கல்யாணம், இறந்தவர்களுக்கான இரங்கல் எல்லாம் செய்தியாக வந்தன. மாரிகுப்பத்தில் ஒரு வீட்டில் எப்படிக் கல்யாணம் நடந்தது என்று ரங்கூனில் இருப்பவர் படிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டினால் போதும். ஒரு விகாரையையோ பிக்குவையோ கண்ணால் பார்க்காமலேயே ஒருவர் பௌத்தராக இருக்க முடிந்தது.

அதில் வேர் பிடித்த இடம் கோலார் தங்கவயல். மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப்ஸ் போன்ற இடங்களில் வரிசை வீடுகளில் குடியிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் சங்கம் கட்டினார்கள். சித்தார்த்த புத்தகசாலை என்று பதிப்பகமே நடத்தினார்கள். பண்டிதர் மறைவுக்குப் பின் நின்றுபோன 'தமிழன்', 1926-ல் ஜி.அப்பாதுரையார் ஆசிரியராக இருக்க, அங்கிருந்துதான் மறுபடி வந்தது. ஊரைவிட்டு வந்தவர்கள், ஷிஃப்ட் வேலை, ஒண்டுக் குடித்தனம், வாராந்தர ஓய்வு நாளில் கூட்டம் என்று பார்த்தால் கும்மிடிப்பூண்டிக்கும் கோலாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே வித்தியாசம், அங்கே குடும்பங்கள் தலைமுறையாகத் தங்கின. சிப்காட் காண்ட்ராக்ட் முடிந்தால் இங்கே அறையே காலியாகிவிடுகிறது.

சென்னையில் இன்னொரு வகை பௌத்தரும் அப்போது இருந்தார்கள். அறிவியல் பேராசிரியர் லட்சுமி நரசு அதில் முக்கியமானவர். 'தி எசென்ஸ் ஆஃப் புத்திஸம்' என்று அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல், 'தமிழன்' பிறந்த அதே 1907-ல் வந்தது. 1948-ல் வந்த அதன் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். பின்னாளில் 1923-ல் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரும் அந்தக் காலத்தில் பௌத்தக் கூட்டங்கள் நடத்தியவர்தான். இவர்களுடைய பௌத்தம் பகுத்தறிவு சார்ந்தது. பண்டிதருடையது வரலாறும் தமிழும் கலந்தது. இரு தரப்புக்கும் உரசல்கள் இருந்தன. இன்றைக்கு வாட்ஸ்அப் குழுவில் இரவு 11 மணிக்கு நடக்கும் சண்டைக்கு இவ்வளவு பழைய வரலாறு இருக்கிறது!

பண்டிகையை விடுவதா, அர்த்தத்தை மாற்றுவதா?

புதிதாக வருகிறவரை உண்மையிலேயே திணறவைப்பது கொள்கை கிடையாது, வீடுதான். மறுபிறவி உண்டா இல்லையா என்பதைப் பத்து வருடம் கழித்துக்கூட யோசிக்கலாம். ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது நிற்பதா, விலகிப்போவதா என்பதற்கு அன்றைக்கே பதில் தேவை.

இதில் பண்டிதர் ஒரு வழி வைத்திருந்தார். பண்டிகையை விடாதே, அதன் அர்த்தத்தைத் திருப்பு. தீபாவளி என்பது பௌத்தர்கள் எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்துக் கொண்டாடிய நாள் என்று எழுதினார். பொங்கல், கார்த்திகை தீபம் எல்லாவற்றுக்கும் அவரிடம் பௌத்த விளக்கம் இருந்தது. திருக்குறளை 'திரிக்குறள்' என்று படித்தார். வரலாற்று ஆய்வாளர்கள் இதையெல்லாம் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால், அன்றைக்கு ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் அது என்ன வேலை செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா ஏற்றும் விளக்கை அணைக்கத் தேவையில்லை. விளக்குக்கு வேறு கதை சொன்னால் போதும்.

அம்பேத்கரின் வழி நேர் எதிரானது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில், குஷிநகரைச் சேர்ந்த பர்மிய பிக்கு சந்திரமணியிடம் மனைவி சவிதாவுடன் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார் அம்பேத்கர். பிறகு திரும்பி நின்று, திரண்டிருந்த லட்சக்கணக்கான மக்களுக்குத் தானே தீட்சை கொடுத்தார். பிக்குதான் கொடுக்க வேண்டும் என்ற வழக்கத்தை அந்த இடத்திலேயே மாற்றினார். கூடவே 22 உறுதிமொழிகள். பிரம்மா, விஷ்ணு, சிவனையோ, ராமன், கிருஷ்ணனையோ கும்பிட மாட்டேன். திதி கொடுக்க மாட்டேன். புத்தரை விஷ்ணுவின் அவதாரம் என்று ஏற்க மாட்டேன். இங்கே வேறு கதை சொல்லிச் சமாளிக்க இடமே இல்லை. அடுத்த இரண்டு மாதங்களுக்குள், டிசம்பர் 6-ல் அவர் மறைந்துவிட்டார். ஒருவேளை அவர் இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால், வீட்டுக்குள் இதை எப்படி நடத்துவது என்றும் நிறைய எழுதியிருப்பார்.

இன்று தமிழ்நாட்டில் பௌத்தம் பக்கம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் அம்பேத்கரைப் படித்துவிட்டு வருகிறவர்கள். பெரியார்தாசன் தமிழாக்கிய 'புத்தரும் அவர் தம்மமும்' அவர்களுக்கு அடிப்படை நூல். ஆனால், அவர்கள் வீட்டுச் சூழல் பண்டிதர் காலத்து வீடுதான். குலதெய்வக் கோயில், காதுகுத்து, தாய்மாமன் சீர், கருமாதி எல்லாம் இருக்கிற வீடு. 22 உறுதிமொழியை எடுத்துவிட்டு அக்கா மகள் காதுகுத்தில் மடியில் உட்காரவைத்துக்கொள்ளப் போகிற தாய்மாமனை யாரும் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. உறவு அறுந்தால் திரும்பக் கட்டுவது லேசில்லை. பெண்களுக்கு இது இன்னும் இறுக்கமான விஷயம். ஆண் பௌத்தராவதைக் கொள்கை என்று பேசும் குடும்பம், மருமகள் பொட்டும் பூஜையும் வேண்டாம் என்றால் வேறு மாதிரிப் பேசும்.

டேங்கு செய்கிறவர் பௌத்தராகலாமா?

தொழிற்பேட்டையில் இருப்பவர்களுக்கு ஒரு விசேஷக் கேள்வி உண்டு. இல்லறத்தார் செய்யக் கூடாத வியாபாரங்கள் என்று புத்தர் ஐந்தைச் சொன்னதாகப் பாலி நூல்கள் சொல்கின்றன. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப் பொருள், விஷம். திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஆவடியில் ராணுவ டேங்கு தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிறது. விஜயந்தா டேங்கு முதல் அர்ஜுன் வரை அங்கிருந்து வந்தவை. கும்மிடிப்பூண்டியில் ரசாயன ஆலைகள் இருக்கின்றன. அங்கே வெல்டராகவோ ஃபிட்டராகவோ இருப்பவர் என்ன செய்வார்?

அந்த வரி வியாபாரம் செய்கிறவரைப் பற்றியது, கூலிக்கு வேலை செய்கிறவரை அது கட்டுப்படுத்தாது என்பது ஒரு விளக்கம். எந்த வேலையானாலும் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பவருக்கு முதல் விளக்கம் பிடிக்கும் என்பதில் சந்தேகமில்லை.

இதைவிட சிப்காட்காரர்களுக்கு நெருக்கமானது சிகாலோவாத சுத்தம். சிகாலன் என்ற இளைஞன், செத்துப்போன அப்பா சொன்னார் என்பதற்காக விடியற்காலையில் ஈரத் துணியோடு ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான். புத்தர் அவனிடம், திசைகள் என்பவை மனிதர்கள் என்கிறார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர்கள், மேலே துறவிகள். கீழே? வேலையாட்கள்.

கீழ்த்திசையைக் கும்பிடுவது எப்படி என்று முதலாளிக்கு ஐந்து கடமைகளை அந்தச் சுத்தம் அடுக்குகிறது. அவரவர் பலத்துக்குத் தகுந்த வேலை கொடுப்பது, உணவும் கூலியும் கொடுப்பது, நோய் வந்தால் பார்த்துக்கொள்வது, நல்ல பண்டம் கிடைத்தால் பகிர்ந்துகொள்வது, உரிய நேரத்தில் விடுப்பு கொடுப்பது. வேலையாளுக்கும் ஐந்து உண்டு. கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொள்வது, வேலையைச் செம்மையாகச் செய்வது போன்றவை. இ.எஸ்.ஐ., வார விடுப்பு, ஓவர்டைம் சம்பளம் என்று கேன்டீனில் பேசுகிறவர்களுக்கு 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழைமையான இந்தப் பட்டியலைக் காட்டினால் கொஞ்சம் ஆச்சர்யமாகத்தான் இருக்கும். பௌத்தம் என்றாலே கண்ணை மூடி உட்காருவது என்று நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

சான்றிதழ், கல்யாணம், கெஜட்

பையன் பௌத்தனாகப் போகிறான் என்றதும் வீட்டில் எழும் முதல் பயம், "சலுகை போயிடுமா?" என்பது. பட்டியல் சாதியினரைப் பொறுத்தவரை, போகாது. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-ல் சீக்கியர்கள் சேர்க்கப்பட்டார்கள். 1990-ல் வி.பி.சிங் ஆட்சியில் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவதைப் பார்த்த குடும்பங்கள், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துப் பயப்படுகின்றன. பட்டியல் சாதியைச் சேராதவர்கள், தங்கள் வகுப்புக்கு என்ன விதி என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

அதிகாரபூர்வமாகப் பெயரை மாற்ற விரும்பினால் தமிழ்நாடு அரசிதழில், அதாவது கெஜட்டில், வெளியிட வேண்டும். பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. முருகன், லட்சுமி என்ற பெயரோடே பஞ்சசீலம் ஏற்கலாம்.

கல்யாணத்துக்குப் புதிய சட்டம் தேட வேண்டியதில்லை. 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பௌத்தர், சமணர், சீக்கியர்களுக்கும் பொருந்தும் என்று அதன் 2-வது பிரிவிலேயே இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணங்களுக்காகத் தமிழ்நாடு கொண்டுவந்த 7-ஏ பிரிவும் இங்கே கைகொடுக்கும். உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ ஏற்றுக்கொண்டால் போதும், புரோகிதர் தேவையில்லை. பிக்கு வந்து பஞ்சசீலம் சொல்லிவைத்தால் கூடுதல் மகிழ்ச்சி. பிறகு பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துவிட வேண்டும்.

சாவு வீடுதான் சட்டத்தில் அடங்காதது. எரிப்பதா புதைப்பதா என்று பௌத்தம் வற்புறுத்துவதில்லை. ஆனால், சுடுகாடும் அதற்குப் போகும் பாதையும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் ஊர்களில், தூக்கிப்போக நாலு பேர் வர வேண்டும். ஸூம் வகுப்பில் கூட உட்கார்ந்த 80 பேரும் அன்றைக்கு வர முடியாது. 'தமிழன்' பத்திரிகையைச் சுற்றி இருந்தவர்கள் இதைப் புரிந்துகொண்டுதான் பத்திரிகையோடு நிற்காமல் ஊருக்கு ஊர் சங்கம் கட்டினார்கள். சங்கம் இருந்த இடத்தில் பௌத்தம் அடுத்த தலைமுறைக்குப் போனது, இல்லாத இடத்தில் படித்தவரோடு முடிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏழு கோடிக்கும் மேல் இருந்த தமிழ்நாட்டில், பௌத்தர் என்று பதிவானவர்கள் சுமார் 11,000 பேர்தான்.

முகாமுக்குப் பக்கத்தில்...

கும்மிடிப்பூண்டியில் பௌத்தம் பற்றிப் பேசும்போது இன்னொரு விஷயத்தைத் தவிர்க்க முடியாது. இங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே வாழ்கிறவர்களுக்கும், அங்கேயே பிறந்து வளர்ந்து இதே சிப்காட்டில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பௌத்தம் என்ற சொல் வேறு ஞாபகங்களைக் கொண்டுவரும். இலங்கை அரசமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அந்த மதத்தின் பேரில் அரசியல் செய்தவர்களையும், இனக் கலவரங்களையும் பார்த்துவிட்டு ஓடிவந்த குடும்பங்கள் இவை. ஒரே டீக்கடை பெஞ்சில், ஒருவருக்கு புத்தர் சாதியிலிருந்து விடுதலை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு புத்தர் சிலை என்றால் தன் ஊரில் ராணுவ முகாமுக்குப் பக்கத்தில் முளைத்த சிலை.

புதிதாக வருகிறவர் இந்த இடத்தில் வாயை அடக்கிக் காதைத் திறந்துவைப்பது நல்லது. பண்டிதரே தீட்சை வாங்க இலங்கைக்குத்தான் போனார் என்பதும், எழும்பூரில் பல ஆண்டுகளாக வழிபாடு நடக்கும் மகாபோதி மையம் இலங்கை பிக்குகள் தொடர்புடையது என்பதும் உண்மை. 2011-ல் அந்த மையம் தாக்கப்பட்டு பிக்குகள் காயமடைந்ததும் உண்மை. தமிழுக்கென்று தனியான பௌத்த மரபு இருந்தது, அதற்கு நாகப்பட்டினத்தில் கிடைத்த 300-க்கும் மேற்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகளே சாட்சி என்று சொல்லலாம். அதற்காக முகாமில் இருப்பவரின் வலி இல்லை என்று ஆகிவிடாது.

எங்கே போவது?

திருவள்ளூரில் இருப்பவர்களுக்கு எளிது. சென்னை செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் நேராக பெரம்பூர். ரயில்வே தொழிலாளர்கள் நிறைந்த அந்தப் பகுதியில் நீண்ட காலமாகவே ஒரு பௌத்த விகாரை இருக்கிறது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கமிருந்து வருகிறவர்கள் பேசின் பிரிட்ஜில் இறங்கி, ஆவடி, அரக்கோணம் மார்க்க ரயிலுக்கு மாற வேண்டும். எழும்பூர் மகாபோதி மையம் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே கென்னட் லேனில் இருக்கிறது.

முதல் முறை போகிறவர்கள் கூச்சப்படத் தேவையில்லை. செருப்பை வெளியே விட வேண்டும். கொஞ்சம் பூ, ஒரு விளக்கு கொண்டுபோனால் போதும். பிக்குவை 'பந்தே' என்று அழைப்பது வழக்கம். புத்தர் சிலையை நோக்கியோ பிக்குவை நோக்கியோ காலை நீட்டி உட்காரக் கூடாது. தேரவாத மரபில் பிக்குகள் பெண்களைத் தொடுவதில்லை. எனவே, பொருள் எதையும் நேராகக் கையில் கொடுக்காமல் முன்னால் வைத்துவிடலாம். சேருவதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால், எழுந்து வந்துவிடலாம்.

மதம் மாறும் எண்ணமில்லை, தியானம் மட்டும் கற்றால் போதும் என்பவர்களுக்கு, கோயங்கா மரபு விபாசனா மையம் சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கத்தில் இருக்கிறது. பத்து நாள், பேச்சு கிடையாது, செல்போன் கிடையாது, காலை 4 மணிக்கு எழ வேண்டும். இலவசம்தான். ஆனால், பத்து நாள் தொடர் லீவு வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அதுதான் உண்மையான கட்டணம்.

படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, ஞான.அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகள் இருக்கின்றன. கிட்டத்தட்ட மறந்தே போயிருந்த பண்டிதரை 1999-க்குப் பிறகு மீண்டும் பேசவைத்தவை அவை. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு இன்று அவர் பெயர். கிண்டியில் 2023-ல் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதி சிற்பங்களையும் நாகப்பட்டினம் புத்தர்களையும் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, வார ஓய்வு அன்றைக்கு விழுகிற ஷிஃப்ட்காரர்கள் கவனிக்கவும்.

விகாரைகளில் கூட்டம் சேருவது பௌர்ணமி அன்று. ஆண்டின் பெரிய நாள், மே மாதத்தை ஒட்டி வரும் புத்த பூர்ணிமா. மத்திய அரசு அலுவலகங்களுக்கு அன்று விடுமுறை. தமிழக அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் மகாவீர் ஜெயந்தி இருக்கிறது. புத்த பூர்ணிமா இல்லை. ஆகவே, சிப்காட்டில் இருப்பவர் அன்று சாயங்காலம் வெள்ளை உடுத்தி பெரம்பூர் போக வேண்டுமென்றால், ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஒரு நண்பரை ஒரு வாரம் முன்பே பிடித்துவைக்க வேண்டும்.